ஐஸ் கட்டாத பெட்டி

2025 ஜூன் 10, செவ்வாய்

முட்டி: பத்துக்கு ஆறு.

எலும்பு டாக்டர் தினமும் வலிக்கு மார்க் போட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிறதென்றால் பத்து. உயிர் போனபின் எவன் எழுதுவான் என்று கேட்க நினைத்தேன், வரிசையில் பின்னால் நாற்பது பேர். ப்ளஸ் டூ கணக்கில் கோட்டை விட்டவன் நான். ஐ.டி.ஐ.யில் ஃபிரிட்ஜும் ஏசியும் படித்து, முப்பத்திரண்டு வருஷம் கம்ப்ரசருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சம்பாதித்தது குருசுக்குப்பத்தில் ஒரு வீடு, அதன் முன்னறையில் ஒரு கடை, இந்த இரண்டு முட்டி. இப்போது அந்த முட்டிகளுக்கே வாத்தியாராகிவிட்டேன்.

டைரி கம்ப்ரசர் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்த பழசு. கிழமை பொருந்தவில்லை. அடித்து எழுதுகிறேன்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவில் குருத்தெலும்பு இருக்க வேண்டுமாம். கோழிக்காலைக் கடிக்கும்போது முனையில் வெள்ளையாக நறுக்கென்று வருமே, அதுதான். எனக்குத் தேய்ந்துவிட்டது. மறுபடி வளராதா சார் என்றேன். வளராது என்றார், அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே. அதை வளர்க்கிறேன் என்று சொல்லி என் வீட்டில் ஒருத்தி நாலு வருஷமாகச் சோறு தின்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

பெனிஷா வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. பச்சை.

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால் ‘சயின்ஸ்’ என்று சொல்லி நழுவிவிடுவேன். இன்று ஒரு தரம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன். முட்டி ஆபரேஷனில் வெட்டிப் போடும் கொழுப்பை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வருகிறார்கள். அதற்குள் ஸ்டெம் செல் என்று ஒன்று இருக்கிறது. என்னவாக ஆவது என்று இன்னும் முடிவு பண்ணாத செல். எங்கள் தெரு முனையில் முப்பது வயதில் பைக் மேல் உட்கார்ந்திருக்கும் பையன்களை நினைத்துக்கொண்டால் போதும். அதற்கு குரோத் ஃபேக்டர் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினால், மூன்று நாலு வாரத்தில் புத்தி வந்து குருத்தெலும்பாக மாறுமாம். மொத்தமும் ஒரு கடுகளவு உருண்டை. அதை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சிவப்பு வந்தால் குருத்தெலும்பு. பச்சை வந்தால் ஒன்றுமில்லாத உருண்டை.

டிசம்பரில் சிவப்பு வந்தது. போனில் போட்டோ காட்டினாள், மாதுளை முத்து மாதிரி இருந்தது. பிப்ரவரியிலிருந்து பச்சை, பச்சை, பச்சை.

அந்த குரோத் ஃபேக்டர் குப்பியை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விலை ஒரு ஸ்கூட்டர். கண்ணுக்குத் தெரியாததை ஸ்கூட்டர் விலைக்கு விற்கிறவன்தான் விஞ்ஞானி. மற்றவர்கள் எல்லாம் கஸ்டமர்.

அதை வைக்க நல்ல பெட்டியாவது இருக்கிறதே! அது என் உபயம். அந்த லேபில் பழைய ஃப்ரீசர் ஒன்று இருந்தது. மாதாமாதம் ஐஸ் கட்டி, தட்டு இழுக்க வராமல், முனைவர் ஆகப்போகிற பிள்ளைகள் கரண்டி வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். பெனிஷாவுக்கு மேலே இருக்கும் பேராசிரியர் பலராமன் பொங்கல் சமயத்தில் மூக்கைச் சுளித்து, இதை மாற்றுங்கள் என்றாராம். அவள் என்னைக் கேட்டாள். நானே பார்த்து நோ ஃப்ராஸ்ட் பெட்டியாக எடுத்து, நானே மட்டம் வைத்து நிறுத்தி, கதவில் கடை ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டு வந்தேன். இதுவரை ஒரு துளி ஐஸ் கட்டவில்லை. அத்தனை படித்தவர்களுக்கு நடுவில் சொன்ன வேலையைச் செய்கிற ஒரே ஜீவன் அந்தப் பெட்டிதான்.

பழையதைக் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன். சிமோன் அண்ணன் விஸ்கிக்கு ஐஸ், என் முட்டிக்கு ஜெல் பை. அதற்கு அது போதும்.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிந்து சிமோன் அண்ணன் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருஷம் சொல்தாவாக இருந்தவர். பென்ஷன் யூரோவில் வருவதால் எந்த வைத்தியமும் கண்ணாடிக் கட்டடத்தில் நடந்தால்தான் அவருக்கு நம்பிக்கை. சென்னையில் அப்படி ஒரு இடத்தில் முட்டிக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டு வந்திருக்கிறார். இடுப்பில் எடுத்து முட்டியில் விட்டார்களாம். ஆறே மாதத்தில் புதுக் குருத்தெலும்பாம். சுவரில் ஒரு கிழவர் மலை ஏறுகிற படம் மாட்டியிருந்ததாம். அந்தப் படத்துக்கே பாதிக் காசு கொடுத்திருப்பார்.

நடந்து காட்டினார். மூன்றாவது அடியில் ஃப்ரீசரைப் பிடித்துக்கொண்டார்.

பெனிஷா காபியை வைத்துவிட்டுக் கேட்டாள். “செல்லோட வேற என்னா போட்டாங்க பெரியப்பா?”

“வேற என்னா போடணும்?”

“நீ இதுவா ஆகுன்னு அதுக்குச் சொல்லணும் இல்ல. அதுக்குத்தான் குரோத் ஃபேக்டர். சொல்லாம வுட்டா அது பாட்டுக்கு இருந்துட்டு செத்துடும்.”

சிமோன் அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டே, “நீயுந்தான் அஞ்சு மாசமா சொல்லிக்கினு இருக்கற. கேக்குதா?” என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். இன்றைக்கு ஃப்ரீசர் ரிப்பேர், ஐஸ் கிடையாது என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அவர் கையை வைத்துக்கொண்டிருந்த ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

முட்டி ஏழு. உருண்டை பச்சை.

ஜூலை 4, வெள்ளி

எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார் பலராமன். “உனக்குக் கை வரலைம்மா. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. டிசம்பர்ல வந்தது லக்.”

ஏப்ரலில் புதுக் குப்பியே வரவழைத்துப் பார்த்தார்களாம். அதிலும் பச்சை. அப்படியென்றால் மருந்தில் தப்பில்லை, கையில்தான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார். ஆகஸ்ட் எட்டாம் தேதி கமிட்டி உட்காருகிறது. சிவப்பு காட்டாவிட்டால் வேலையை வேறொருவனுக்கு மாற்றிவிட்டு இவளை அனுப்பிவிடுவார்கள். நாலு வருஷம், பட்டம் இல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு.

கை வரலையாம். பத்து வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து செப்புக் குழாய்க்குப் பற்ற வைத்தவள் அவள். என் கை நடுங்கும், அவள் கை நடுங்காது. கையைப் பற்றி அந்த ஆளுக்கு என்ன தெரியும்? நான் பெட்டி இறக்கிய அன்று, ஸ்டெபிலைசரைக் காட்டி “இதுவும் ஃப்ரீசரா?” என்று கேட்ட மனிதர். நாற்பது கட்டுரை எழுதியிருக்கிறாராம். ஒரு பல்பு மாட்டியிருப்பாரா?

சாப்பிடும்போது என் மனைவி வேளாங்கண்ணி மகளிடம், லாஸ்பேட்டை காலேஜ் எதிலாவது பாடம் சொல்லிக்கொடுக்கப் போயேன் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். மனைவி சொல்வதிலும் தப்பில்லை. பெனிஷா மீன் முள்ளையெல்லாம் தட்டு ஓரத்தில் ஒரே அளவாக அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அழுகை வந்தால் எதையாவது அடுக்குவாள்.

ஜூலை 14, திங்கள்

பிரெஞ்சு தேசிய தினம். கடற்கரையில் போர் நினைவிடத்தில் சொல்தாக்கள் மெடல் குத்தி நின்றார்கள். சிமோன் அண்ணன் முன்வரிசை. பிரெஞ்சுப் பாட்டு முடிகிறவரை ஆடாமல் அசையாமல் நின்றார். முடிந்தபின்னும் அப்படியே நின்றார். அப்புறம்தான் புரிந்தது, முட்டி பூட்டிக்கொண்டுவிட்டது. நானும் ஆட்டோக்காரரும் மாதா சுரூபத்தைத் தேரில் ஏற்றுவதுபோல் தூக்கி ஏற்றினோம். “உள்ள வளருதுடா யூஜினு, அதான் இடிக்குது” என்றார்.

வழியெல்லாம் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பு நின்றது. அவராவது கண்ணாடிக் கட்டடத்தை நம்பினார். நான்? பெனிஷாவின் கடுகு உருண்டையில் ஒன்று என் முட்டிக்கு என்று எடுத்துவைத்திருப்பாள் என்று நாலு வருஷமாக, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்... யார் பெரிய மடையன் என்று ஆட்டோக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

கேட்டே விட்டேன், இது என் முட்டிக்கு எப்போது வரும் என்று. நீ இருக்கும்போது வராதுப்பா என்றாள். எலியிலிருந்து மனுஷனுக்கு வரவே இன்னும் பல வருஷமாம். அப்படியென்றால் யாருக்குச் செய்கிறாய் என்றேன். யாருக்கோ என்றாள்.

எட்டு மார்க் போட்டுவிட்டேன். முட்டியில் அவ்வளவு வலி இல்லை. வேறு எங்கே எழுதுவது?

ஜூலை 29, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆயம்மா தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து இறால் விற்கிறவள். மார்ச்சில் அவளுக்கும் அதே நோ ஃப்ராஸ்ட் பெட்டியைத் தள்ளிவிட்டிருந்தேன். போனில் நாலு தரம் திட்டியபின் இன்று போனேன். பெட்டியின் பின்பக்கத்திலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களை எடுத்து என் முன்னால் போட்டாள்.

“பையி உள்ள பனி பூத்திருக்குது பாரு மெக்கானிக்கு. உருகி உருகித்தான் கட்டுது. பெரிய மீனு நல்லாத்தான் இருக்குது. இந்தப் பொடிப் பொட்டலந்தான் வீணாப் போவுது.”

இவளுக்கு என்ன தெரியும் என்ற நினைப்பில் நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ஐஸ் எப்படிக் கட்டாமல் இருக்கும் ஆயம்மா, உள்ளே ஹீட்டர் இருக்கிறது, நாளைக்கு இரண்டு மூன்று தரம் அதுவாகச் சூடாகி, பின்பக்கம் பிடிக்கிற ஐஸைக் கரைத்துவிடும், இருபது நிமிஷம்தான், பெரிய சாமானுக்கு ஒன்றும் ஆகாது, சின்னதாக இருந்து பின்னால் ஒட்டி வைத்தால் மட்டும் லேசாக...



“லேசா இன்னா?” என்றாள் ஆயம்மா.

ஒரு சொட்டு. பெனிஷா வைப்பது ஒரு சொட்டு. குப்பியில் வருவதைச் சொட்டுச் சொட்டாகப் பிரித்து, விரல் நுனி அளவு டியூபில் போட்டு வைக்கிறாள். ஒரு தரம் உருகினால் பாதி வீரியம் போச்சு, அதனால்தான் பிரிச்சி வைக்கிறோம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எங்கே வைக்கிறாள்? பின்னால் ஒட்டி. கதவைத் திறந்தால் சூடு படும், பின்னாடி தள்ளி வைம்மா என்று சொன்னது எந்தப் பெரிய மனுஷன்?

“ஐஸ் பொட்டி கேட்டா அடுப்பு வித்துட்டுப் போயிருக்கற” என்றாள் ஆயம்மா.

ஆமாம் என்றேன். அவளுக்கே என் பதில் பிடிக்கவில்லை, மோர் தரட்டுமா என்று கேட்டாள். வண்டியை எங்கே விட்டேன் என்று தெரியாமல் துறைமுகத்தை இரண்டு சுற்று சுற்றினேன்.

ஜூலை 30, புதன்

ஒருவேளை நான் பயப்படுகிற மாதிரி இல்லாமலும் இருக்கலாம். அதே மாடல் ஒன்று உள்விளக்கு மாற்ற கடைக்கு வந்து நிற்கிறது. பெனிஷா எப்போதோ கொண்டுவந்த காலி டியூப்களில் வேளாங்கண்ணி தோட்டுத் திருகாணி போட்டு வைத்திருந்தாள். இரண்டைக் காலி பண்ணினேன். ஒவ்வொன்றிலும் சொட்டுத் தண்ணீர் விட்டு உறைய வைத்து, மேலே ஒரு சைக்கிள் பேரிங் குண்டு, பொடி சைஸ். ஒரு டியூப் பழைய ஃப்ரீசரில், ஒன்று நோ ஃப்ராஸ்டில், பின்னால் ஒட்டி. உருகினால் குண்டு முழுகும். உருகாவிட்டால் மேலேயே நிற்கும்.

மாதாவே, மேலேயே நிற்கட்டும்.

ஜூலை 31, வியாழன்

பழைய ஃப்ரீசரில் குண்டு மேலே.

என் பெட்டியில் அடியில். உறைந்த தண்ணீருக்குள், அடியில், பளபள என்று.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று தரம் செய்துவிட்டேன். மூன்று தரமும் அடியில்.

ப்ளஸ் டூ கணக்கில் போனவனுக்கும் இந்தக் கணக்கு வருகிறது. பிப்ரவரியிலிருந்து ஆறு மாதம், நாளைக்கு மூன்று தரம். ஐந்நூறு தரத்துக்கு மேல் அந்த மருந்தை உருக்கி உருக்கி உறைய வைத்திருக்கிறேன். மற்றவர்கள் சாமான் எல்லாம் மைனஸ் எண்பது டிகிரி பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. என் பெட்டியை நம்பியவள் என் பெண் ஒருத்திதான். முழு வீரியத்தோடு மருந்து இருக்க வேண்டிய ஃப்ரீசரில் சிமோன் அண்ணனின் விஸ்கி ஐஸ் கல்லு மாதிரி இருக்கிறது. அந்த ஐஸில் எதையும் வளர்க்கலாம்.

ஊரில் உள்ள படித்தவனையெல்லாம் வாயில் போட்டு மென்றேனே. ஃபிரிட்ஜுக்குள்ள ஹீட்டர் இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான். அதை வாயத் தொறந்து சொல்ல வேண்டிய ஒரே ஆளும் நான்தானே? ஐஸே கட்டாதும்மான்னு மீசையை முறுக்கிக்கினு வந்தேன்.

திருட்டு யோசனையும் வந்தது. இலவச சர்வீஸ் என்று போய், பெட்டியைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வந்தால்? அடுத்த குப்பி வந்ததும் உருண்டை தானாகச் சிவக்கும். யாருக்கும் தெரியாது. ஆனால் கமிட்டி எட்டாம் தேதி. சிவக்க நாலு வாரம் வேண்டும். அதற்குள் கை வராதவள் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வேளாங்கண்ணியிடம் சொன்னேன். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், இன்று செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தன நாள். அவள் திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். “சாமியார்கிட்ட சொல்லிட்டு வந்துடலாம்னு பாக்கறீங்களா? அவரா கமிட்டியில உக்காரப்போறாரு?”

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு டியூபையும் சூப் ஃபிளாஸ்கில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். படி ஏறும்போது முட்டி ஒன்பது. பலராமன் தலையைத் தூக்காமல், “மிஸ்டர் யூஜின், ஏசி சர்வீஸ் அடுத்த வாரம்தானே?” என்றார். பெனிஷாவைக் கூப்பிடுங்கள் என்றேன். அவள் வந்து, என்னையும் சூப் ஃபிளாஸ்கையும் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துப் பயந்துவிட்டாள்.

டியூபை எடுத்து மேசை மேல் வைத்தேன். ஹீட்டரைச் சொன்னேன். குண்டைச் சொன்னேன். பின்னால் ஒட்டி வைக்கச் சொன்னது நான்தான் என்பதை இருமி இருமிச் சொன்னேன். “ஆறு மாசமா மருந்தைக் கெடுத்தது நான் சார். எம் பொண்ணு கை இல்ல.”

பலராமன் ஒரு டியூபை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். இறால் விற்கிற அம்மா என்றேன்.

பெனிஷா எழுந்து போனாள். மருந்து வந்த அட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தாள். உள்ளே ஒரு காகிதம், பிரிக்கவே இல்லை, மடிப்பு புதுசாக இருந்தது. பிரித்து வாசித்தாள். மூன்றாவது வரி. ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு எனக்காகத் தமிழிலும் சொன்னாள். “தானா ஐஸ் கரையற ஃப்ரீசர்ல வெக்கக் கூடாது.” மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தாள்.

அவளும் படிக்கவில்லை, அவரும் படிக்கவில்லை. எனக்குப் படித்தாலும் புரிந்திருக்காது.

கமிட்டியை செப்டம்பர் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன் என்றார் பலராமன். புதுக் குப்பி வரவழைத்து, பாதி பழைய ஃப்ரீசரில், பாதி இந்தப் பெட்டியில் வைத்து இரண்டையும் பார்ப்போம் என்றார். கை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குவார் என்று நின்றுகொண்டே இருந்தேன். நாற்பது கட்டுரை எழுதியவருக்கு அந்த ஒரு வரி வரவில்லை.

எனக்கும்தான் வரவில்லை. மன்னிச்சிடும்மா என்று மூன்று சொல் கூட இல்லை, ஒன்றரைச் சொல். படி வரை மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததுதான்.

“நீ போப்பா” என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பழைய ஃப்ரீசரை டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோய் லேபில் இறக்கினேன். சிமோன் அண்ணன் தன் ஐஸ் தட்டோடு வாசலில் நின்று வழியனுப்பினார். “எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்” என்றார்.

புதுப் பெட்டியும் சோதனைக்காக அங்கேயே இருக்கும். அதன் கதவில் இருந்த என் கடை ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பையில் போட்டுக்கொண்டேன். முழுசாக வரவில்லை. என் பெயரில் ‘யூ’ மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பெனிஷா பேசியது: “இப்படி.” “கொஞ்சம் தள்ளி.” “போதும்.”

ஆகஸ்ட் 16, சனி

எனக்கு ரசம் வேண்டுமா என்று அவள் அம்மாவிடம் கேட்கிறாள். அம்மா என்னிடம் கேட்கிறாள். நான் அம்மாவிடம் சொல்கிறேன். மூன்று பேரும் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறோம். ரசம் ஆறிவிடுகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

முட்டி ஏழு. ஜெல் பை வைக்க ஃப்ரீசர் இல்லை. வேளாங்கண்ணி உறைந்த பட்டாணிப் பையைக் கொடுக்கிறாள். அரை மணியில் முட்டியும் பட்டாணியும் ஒரே சூடு. வேண்டியதுதான் எனக்கு.

செப்டம்பர் 7, ஞாயிறு

பெனிஷா கடைக்குள் வந்து நின்றாள். நான் ஒரு வாட்டர் கூலரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தேன்.

“அந்த ஹீட்டர் மணி கணக்கா, இல்ல கம்ப்ரசர் ஓடற நேரத்தை வெச்சா?”

முப்பத்தி மூன்று நாளுக்குப் பின் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கம்ப்ரசர் ஓடுகிற நேரம் என்றேன். படம் போட்டுக் காட்டினேன். டைமர், ஹீட்டர், சூடு ஏறினதும் வெட்டிவிடுகிற சின்ன ஸ்விட்ச் எல்லாம். அரை மணி நேரம் எழுதிக்கொண்டாள். ஃபிரிட்ஜைப் பற்றி ஒருவர் என்னிடம் நோட்டு வைத்துக்கொண்டு கேட்டது இதுவே முதல் தடவை.

போகும்போது, “நான் அப்பவே கேட்டிருக்கணும்” என்றாள்.

“நான் சொல்லியிருக்கணும்மா” என்றேன்.

அவ்வளவுதான். இரவு ரசம் வேண்டுமா என்று நேராகவே கேட்டாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

போனை என் மூக்கருகே நீட்டினாள். இரண்டு படம், பக்கத்துப் பக்கத்தில். ஒரே நாளில் ஒரே கொழுப்பிலிருந்து எடுத்த செல், ஒரே குப்பி மருந்து, ஊட்டியதும் ஒரே கை. இடது பக்கம் பழைய ஃப்ரீசர் மருந்து: நல்ல ரத்தச் சிவப்பு. வலது பக்கம் பச்சை.

“பச்சை உன்னுதுப்பா” என்றாள்.

இவ்வளவு சின்னதா, இதுக்கா இந்தப் பாடு என்று சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

கமிட்டி முடிந்தது. பெனிஷா இருக்கிறாள். வேலையும் அவளிடமே. இன்னும் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பேரிங் குண்டை பலராமன் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினாராம், ‘எங்கள் லேபில் வடிவமைத்த எளிய சோதனை’ என்று. வடிவமைத்தாராம்! திருகாணி டியூபையும் அவரே வடிவமைத்திருப்பார். அடுத்த கட்டுரையில் இறால் பொட்டலமும் வந்துவிடும். ஆயம்மாவிடம் சொன்னேன். அந்த வாத்தியாருக்கு என் பெட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடேன் மெக்கானிக்கு என்றாள்.

அக்டோபர் 4, சனி

நேற்று பெனிஷா சொன்னாள், பழைய ஃப்ரீசரில் நன்றாக ஐஸ் கட்டிவிட்டது, பிள்ளைகள் கத்தியால் குத்தப் பார்க்கிறார்கள், பைப்பு ஓட்டையாகிவிடும், நீ வருகிறாயா என்று. காலையில் வேளாங்கண்ணியின் தோசைக் கரண்டியை, மரக் கரண்டியை, எடுத்துக்கொண்டு போனேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

போகும் வழியெல்லாம் ஒரே கவலை, எப்படிக் குந்துவது என்று. கீழ்த்தட்டு தரையோடு இருக்கிறது. குந்தினால் எழுந்திருக்க முடியாது, எழுந்திருக்க பலராமனின் கையைப் பிடிக்க வேண்டிவந்தால் அதைவிடப் பத்து மார்க் வலியே எனக்குத் தேவலை.

லேபில் யாரும் இல்லை. பெனிஷா உள்ளே செல்லுக்கு மருந்து ஊட்டிக்கொண்டிருந்தாள், கண்ணாடி வழியாகத் தலையை மட்டும் ஆட்டினாள். ஃப்ரீசர் சாமானையெல்லாம் முன்னமே ஐஸ் பெட்டிக்கு மாற்றி, தரையில் பழைய துணி விரித்து, தண்ணீர் வடிய ஒரு பேசினும் வைத்திருந்தாள். அதற்கு முன்னால் ஒரு முக்காலி. நம் வீட்டு முக்காலிதான், கடையில் நான் உட்காருவது. எப்போது எடுத்துக்கொண்டு வந்தாள், ஸ்கூட்டரில் எப்படி வைத்துக்கொண்டு வந்தாள் என்று தெரியவில்லை.

உட்கார்ந்து, ஒரு மணி நேரம் சுரண்டினேன்.

முட்டி: ஏழு. மாறவில்லை.